ராணி கலர்

"பாப்பாவோட ஒண்ணுக்க டெஸ்ட் பண்றதுக்கு எழுதிக் குடுங்க சார்."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று லோகநாதன் வீட்டிலேயே சொல்லித்தான் தங்கையைக் கூட்டி வந்திருந்தான். கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுக்கும்போது இன்னொரு முறையும் சொன்னான். "தே தேவி, உள்ள வந்து வாய மூடிகினு நிக்கணும். டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு எதுனா கேட்ட, அவரு மூஞ்சில நான் முழிக்க முடியாது." தேவிப்ரியா தலையாட்டவில்லை. ஆட்டாததை அவன் கவனிக்கவில்லை.

டாக்டர் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். எதிரே அண்ணி ஜெயத்தின் மடியில் ரேணு துவண்டு கிடந்தாள். படவேட்டு அம்மன் பேரான ரேணுகாம்பாள் என்று மூன்று வயதுக் குழந்தையை முழுசாகக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. ரேணு, இல்லையென்றால் பாப்பா. கன்னம் இரண்டும் சுட்ட செங்கல்லாகச் சிவந்து, கண் பாதி செருகியிருந்தது.

"நீ இன்னாம்மா படிச்சிருக்கே?"

"பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி சார்."

"எம்.பி.பி.எஸ் எப்ப முடிச்சே?"

மருந்து கட்டும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர் சிரித்தது கேட்டது. லோகநாதன் தரையைப் பார்த்தான்.

"இது ஏழாவது காய்ச்சல் சார். பத்து மாசத்துல ஏழு."

"சின்னக் கொழந்தைக்கு வருஷத்துக்கு ஏழெட்டு தடவ வரும்மா. அப்பிடித்தான் ஒடம்பு பழகிக்கும். ஐப்பசி மழை, ஊரு பூரா வைரல் சுத்துது. இதுக்கெல்லாம் டெஸ்ட் எழுதினா நான் டெஸ்ட்டுதான் எழுதிகினு இருக்கணும்."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. பாதி உண்மையை முழு உண்மையாக நீட்டுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

"சளி புடிச்சு வர்ற காய்ச்சல்னா சரி சார். இவளுக்கு ஏழு தடவையும் மூக்கு ஒழுகல, இருமல, வயிறு போகல. வெறும் காய்ச்சல். கொதிக்குது. நீங்க குடுக்கற சிரப்ப ஊத்தினா மூணாம் நாள் எறங்குது. எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவகூட யாரும் பாக்கல."

"எறங்குதில்ல? அப்பறம் இன்னா?"

"எறங்கறதாலதான் சார் யாரும் பாக்கல."

"சார், மன்னிச்சுக்குங்க சார்," என்று லோகநாதன் நடுவில் புகுந்தான். "நாலெழுத்து படிச்சிட்டா. நீங்க எழுதுங்க சார்."

டாக்டர் எழுதினார். அதே சிரப், அதே அளவு. அவர் கெட்டவர் அல்ல. கொரோனாவில் அப்பா மூச்சுக்குத் திணறியபோது தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர் ஒருத்தர்தான் ஸ்கூட்டரில் வந்து, அப்பா நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, கடைசிவரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி லோகநாதன் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவான். காலைத் தொட்டவரிடம் சந்தேகம் கேட்பதாவது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியில் நான்கு பேரும் ஏறிய பிறகு லோகநாதன் ஒரே ஒரு வார்த்தை பேசினான்.

"மானத்த வாங்கிட்ட."

வீடு என்பது முன்னால் ஒரு தறி, பின்னால் ஒரு சாயக் கொட்டகை, நடுவில் ஐந்து பேர் படுக்கிற ஒரு கூடம். அப்பா போன பிறகு நான்கு பேர். லோகநாதன் நெசவாளர்களுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுத் தருகிறவன். விடியற்காலை அடுப்பு மூட்டி, சோப்புத் தண்ணீரில் நூலை வேகவைத்துப் பசை எடுத்து, செப்புத் தொட்டியில் சாயம் கரைத்து, மூங்கில் கோலில் சிட்டம் சிட்டமாகக் கோத்துத் தோய்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பான். விரலில் ஒரு சொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இன்னும் ஒரு கொதி" என்பான். அந்த ஒரு கொதியில்தான் அரக்கு அரக்காகும். இந்த முகூர்த்தத்துக்கு எல்லாரும் அடர் ரோஜா நிறமான ராணி கலர் கேட்டார்கள். மழையில் வெளியே காயப்போட முடியாமல் ராணி கலர் சிட்டங்கள் கூடம் முழுக்கக் கொடி கட்டித் தொங்கின. சோற்றுத் தட்டில் சொட்டும். பாயில் சொட்டும். தூங்குகிற குழந்தை மேல் சொட்டும்.

அந்த வீட்டில் யாரும் வெள்ளைத் துணி வாங்குவதில்லை.

ஜெயம் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுத் தறிக்குழியில் இறங்கினாள். கால் மிதியில் இருந்தாலும் கண் பாயில் இருந்தது.

"அண்ணி, ஏழுன்னு நெச்சியமாத் தெரியுமா? அந்தாளு நம்மளப் பைத்தியம்னு நெனச்சுட்டாரு."

"ஏன் தெரியாது?" தறி நாடா இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது. "தையில மாம்பழ மஞ்சப் பாவு, அதுல ரெண்டாவது சேலையில ஒண்ணு. அப்பறம் கத்திரிப்பூ. அது ஒடம்பு நெய்யறப்ப. மயில்கழுத்துப் பாவுல முந்தானி அறுத்த அன்னிக்கு. பச்சப் பாவு போட்டமே, எழ அறுந்து அறுந்து பேஜாரா பூட்ச்சே, அதுல ஒண்ணு. அரக்குல ஒண்ணு. சாம்பல்ல ஒண்ணு. இப்ப இது. ஒரு பாவுக்கு ஒரு காய்ச்சல் தேவி. பாவு தீர்றதுக்குள்ள வந்துடுது. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா, காய்ச்சலக் கூடவா நெய்யிறன்னு சிரிப்பாங்க."

தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தறியில் ஒரு தடவை ஏற்றுகிற பாவு நூலில் மூன்று சேலை. ஆறு பாவு தீர்ந்து பதினெட்டு சேலை எங்கெங்கேயோ கல்யாணத்துக்குப் போய்விட்டது.

அவளோடு கல்லூரியில் படித்த அனுபமா ஆரணியில் ஒரு லேபில் வேலை செய்கிறாள். பெரணமல்லூர் பக்கத்து ஜைன வீட்டுப் பெண். நேற்று அவள்தான் ஒண்ணுக்கு டெஸ்ட் என்று ஆரம்பித்தது. இப்போது போன் செய்ததும் முதல் கேள்வியே இதுதான்: "சிரப் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப ஜல்தியா மொதல்ல ஒண்ணுக்கு புடி. மருந்து உள்ள போயிட்டா கிருமி செத்துடும், டெஸ்ட்டுல ஒண்ணும் தெரியாது. ஏழு தடவையும் அதுதான் நடந்திருக்கு. நல்லா அலம்பி வுட்டுட்டு, தொறக்காத டப்பாவுல, நடுவுல வர்றத மட்டும் புடிக்கணும். புடிச்ச ஒடனே மருந்தக் குடுத்துடு, அதுக்கும் லேட் பண்ணாத."

"அவருகிட்ட கேட்டேன்டி. எம்.பி.பி.எஸ் எப்ப முடிச்சன்னு கேட்டாரு."

"கேப்பாங்க. தேவி, காரணம் தெரியாத காய்ச்சல் சின்னக் கொழந்தைக்கு வந்தா மொதல்ல பாக்க வேண்டியது அதான். பொண்ணுன்னா இன்னும் சீக்கிரமா பாக்கணும். ஒரு தடவ வந்தப்பவே பாத்திருக்கணும். நீங்க ஏழு வரைக்கும் வுட்டுட்டீங்க."

"நீங்க" என்று அவள் சொன்னது தேவிப்ரியாவுக்குக் குத்தியது. ஆனால் சரிதான்.

குளியலறை என்றால் கொட்டகையின் மூலை. சாயம் போட்ட நூலை அலசுவதும் அங்கேதான், பாத்திரம் கழுவுவதும் குழந்தைக்குக் கால் கழுவுவதும் அங்கேதான். தரை சிமெண்ட் என்று பேர். எந்தக் காலத்திலோ அது நீலமும் சிவப்பும் பச்சையுமாக ஊறி, எதை ஊற்றினாலும் ஏதாவது ஒரு நிறம் கிளம்பி ஓடும். லோகநாதன் அலசிவிட்டுப் போன ராணி கலர் தண்ணீர் இன்னும் சாக்கடைக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.

ஜெயம் வெந்நீர் விட்டுக் குழந்தையைக் கழுவினாள். பலகையில் உட்கார்த்தினாள். தேவிப்ரியா மருந்துக் கடையில் வாங்கிவந்த டப்பாவைத் திறந்து பிடித்துக் குந்தினாள்.

"உஸ்ஸ்... போ கண்ணு. அத்த கையில டப்பா பாரு. இதுல போனா ஒனக்கு பன்னு."

ரேணு உதட்டை மடித்துக்கொண்டாள். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. குந்தியிருந்த கால் மரத்துப் போனது. குழந்தை காய்ச்சலில் நடுங்கியது, ஆனால் விடவில்லை.

"முட்டிகினு இருக்குது. வயித்தத் தொட்டா கல்லாட்டம் இருக்கு," என்றாள் ஜெயம். "எப்பவும் இப்பிடித்தான் அடம். அடக்கி அடக்கி வெச்சுகினு, கடசீல கத்திகினே போவும். நான்கூட நேத்து முதுவுல ஒண்ணு வெச்சேன்."

"ஏன்டா செல்லம், ஏன் போக மாட்டன்ற?"

"வாணாம் அத்தே. எரியும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்க முடியவில்லை.

"எப்பலேருந்து எரியுது?"

எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு மூன்று வயதில் பதில் கிடையாது. "எரியும்," என்று மறுபடி சொன்னாள். எல்லாருக்கும் அப்படித்தான் போலும் என்று இருந்தது அவள் முகம். மழை வந்தால் நனையும், அடுப்பைத் தொட்டால் சுடும், ஒண்ணுக்குப் போனால் எரியும்.

பிறகு அடக்க முடியாமல் அவள் அழுதுகொண்டே போனாள். தேவிப்ரியா நடுவில் பிடித்தாள்.

அந்தத் தரையில் படாத ரேணுவின் மூத்திரத்தை அந்த வீட்டில் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். வெளிச்சத்தில் டப்பாவைத் தூக்கினாள். அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கி, அதில் ஒரு சிவப்பு. ராணி கலரை ஒரு குடம் தண்ணீரில் ஒரு துளி விட்டாற்போல.

"தேவி," என்றாள் ஜெயம். இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்தது.

ஆடி மாசம். தேவிப்ரியா தோசை தின்றுகொண்டு, ஒரு கையில் போனைத் தள்ளிக்கொண்டு இருந்தாள். ஜெயம் குழந்தையின் ஜட்டியைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். "இத்தப் பாரேன், இன்னமோ செவப்பா இருக்குது. ரெண்டு மூணு நாளா படுது." தேவிப்ரியா அரைக்கண் பார்த்தாள். "சாயம்தான் அண்ணி. கொடியிலேருந்து சொட்டிருக்கும். சோப்பு போடுங்க, பருத்தியில நிக்காது, பூடும்." ஜெயம் உடனே நம்பினாள். "படிச்சவ, ஒனக்குத் தெரியாததா," என்று சொல்லி அலசப் போனாள்.

பருத்தியில் நிற்காது. அது பாடப் புத்தகத்தில் இருந்தது, பரீட்சையில் எழுதினாள், மார்க்கும் வாங்கினாள். ஆனால் பட்டுச் சாயம் காய்ந்தால் ஓரம் பழுப்பாகாது. அந்தக் கறையின் ஓரம் பழுப்பாக இருந்தது. இப்போது கண்ணை மூடினால் தெரிகிறது, அப்போதும் தெரிந்தது, தோசைதான் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று பாவு.

டப்பாவை லேபில் வாங்கிக்கொண்ட அனுபமா சாயங்காலமே போன் செய்தாள். பத்து வரி சொன்னாள். சீழ் நிறைய, ரத்தம், கிருமி. எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க இரண்டு நாள் ஆகும். "ஸ்கேன் எடுங்க. காய்ச்சல் எறங்கிடுச்சின்னு சும்மா இருந்துடாதீங்க."

காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கிற்று. எப்போதும்போல. ரேணு எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டாள். லோகநாதன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய் பன் வாங்கிவந்தான். "கைராசி டாக்டருன்னா சும்மாவா," என்று போகிறவர் வருகிறவரிடம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை, நூல் கொடுக்க அவன் கண்ணமங்கலம் போன நேரத்தில், ஜெயமும் தேவிப்ரியாவும் குழந்தையை ஸ்கேனுக்குத் தூக்கிப் போனார்கள். ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் சின்ன வயசுக்காரர். திரையை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பக்கம் அளந்தார். மறுபக்கம் அளந்தார். மறுபடி முதல் பக்கம்.

"அம்மா யாரு?"

ஜெயம் கை தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

"இடது கிட்னி சின்னதா இருக்கும்மா. ரெண்டும் ஒரே அளவு இருக்கணும், இது பாதிதான் இருக்கு. தழும்பு மாதிரித் தெரியுது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கலாம்."

"மருந்து சாப்ட்டா வளந்துடுங்களா?"

"தழும்பு விழுந்தது திரும்பாதும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "வலது இப்ப நல்லா இருக்கு. அதைக் காப்பாத்தணும். ஒண்ணுக்கு கீழ போறதுக்குப் பதிலா மேல ஏறுதான்னு பாக்கணும். சின்னக் குழாய் விட்டுப் பாக்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. வேலூருக்கு எழுதித் தரேன். தள்ளிப் போடாதீங்க. அடுத்த காய்ச்சல் வர்றதுக்குள்ள போங்க."

வெளியே வந்து ஜெயம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மடியில் இருந்த குழந்தையின் இடுப்பை, இடது பக்கத்தை, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"கூச்சமாருக்கு அம்மா," என்று ரேணு சிரித்தாள்.

தேவிப்ரியா அங்கேயே நின்று போனில் வேலூருக்குத் திங்கட்கிழமை டோக்கன் போட்டாள். உறவு என்று கேட்ட இடத்தில் ஒரு நொடி விரல் நின்றது. தாய் என்று அழுத்தினாள். அண்ணி வந்தால் வரட்டும். வராவிட்டால் கையெழுத்தும் அவளே போடுவாள்.

திங்கள் காலை லோகநாதன் தொட்டிமேல் குனிந்து சிட்டம் திருப்பிக்கொண்டிருந்தான். ஆவி முகத்தை மூடியிருந்தது. முன்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம், கிட்னி, குழாய் எல்லாம் வெள்ளி ராத்திரியே அவனிடம் சொல்லியாயிற்று, ஸ்கேன் கவரை மட்டும் மூன்று நாளாக அவன் தொடவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது.

"ண்ணா, எட்டு மணி பஸ்சு. பாப்பாவ ரெடி பண்ணிட்டேன்."

"எங்கயும் போகல."

"டோக்கன் போட்டாச்சு."

"எவனக் கேட்டு போட்ட? பொட்டக் கொழந்தைக்கு அங்க குழா வுடுவானுங்களாம், நீ இட்டுகினு போறியாம். நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போற புள்ள. வெளிய தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவான்."

"நாளைக்கு இருந்தாதானே ஒருத்தன் வூட்டுக்குப் போவும்?"

"வாய மூடுடி!" கோல் தொட்டியில் விழுந்தது. சாயத் தண்ணீர் அவன் மார்பில் தெறித்தது. "ஜொரம் எறங்கிப் போச்சு. ஓடுது, ஆடுது, துன்னுது. நல்லா இருக்கற கொழந்தைய எதுக்கு..." மார்பில் தெறித்ததைப் புறங்கையால் துடைத்தான். "ஒண்ணு போச்சுன்னு சொல்ட்டான். அங்க போயி இன்னொண்ணும் போச்சுன்னு சொன்னான்னா? ஆங்? நான் இன்னாடி பண்ணுவேன்?"

அதுதான் விஷயம். அவன் கோபக்காரன் இல்லை, பயந்தவன். தேவிப்ரியா ஓரடி முன்னால் வந்தாள். அதற்குள் அவன் ஆவியை விலக்கிக்கொண்டு தறியைப் பார்த்துத் திரும்பினான்.

"எல்லாம் இவளச் சொல்லணும். பெத்தவதானே? தெனம் ஜட்டி தொவைக்கிறவதானே? ரத்தம் எது சாயம் எதுன்னு தெரியாதா ஒனக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?"

நாடா இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனது. ஜெயம் தலை நிமிரவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். மூன்று நாளாக அவன் ஏசும்போதெல்லாம் ஜெயம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்யாணமாகாத நாத்தனார், அண்ணன் சோற்றில் இருப்பவள், அவள் பேர் கெட வேண்டாம் என்று அந்தப் பழியை நெய்வதோடு நெய்வதாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி காட்னாங்கண்ணா," என்றாள் தேவிப்ரியா.

"இன்னா?"

"ஆடி மாசமே காட்னாங்க. எங்கிட்டதான். நாந்தான் சாயம்னு சொன்னேன்."

தறி நின்றது. "தேவி, வாணாம்," என்றாள் ஜெயம் குழிக்குள்ளிருந்து.

"ஓரம் பழுப்பா இருந்துது. பாத்தேன். பாத்துட்டுதான் சொன்னேன். துன்னுகினு இருந்தேன் நான்."

லோகநாதன் அவளைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. ராணி கலர் படிந்த இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

"நீ படிச்சவளாச்சேம்மா," என்றான்.

அந்த வீட்டில் கேள்வி கேட்கக் கூடாத ஆள் டாக்டர் ஒருத்தர்தான் என்று அவள் இத்தனை நாள் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதையும்தான் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவருக்காவது எதிரே நின்று கேட்க ஒருத்தி இருந்தாள்.

கொதி தாண்டிக்கொண்டிருந்தது. நூல் கருத்துவிடும். அவன் அதைத் திருப்பவில்லை.

"நீ தூக்கிகினு போனா," என்றான் மெதுவாக, "திரும்ப இந்த வூட்டுக்கு வராத."

"சரிண்ணா."

கவரை எடுத்தாள். பையை எடுத்தாள். பையில் ஆறு ஜட்டி, எல்லாம் வெள்ளை, சனிக்கிழமை கடைவீதியில் தேடி வாங்கினது. வாசலில் பன்னைக் கடித்துக்கொண்டு நின்ற ரேணுவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பின்னால் தறிக்குழியிலிருந்து கையூன்றி எழும் சத்தம் கேட்டது.

"இன்னாங்க, தண்ணி கொதிக்குது பாருங்க," என்றாள் ஜெயம் கணவனிடம். பிறகு வாசலைப் பார்த்து, "இரு தேவி, செருப்ப மாட்டிகினு வரேன்."

தேவிப்ரியா நிற்கவில்லை. அண்ணி வந்து பிடித்துக்கொள்வாள். நின்றால் அழுகை வரும்.

தெருமுனை தாண்டுவதற்குள் ரேணு தோளைத் தட்டினாள். "அத்தே, ஒண்ணுக்கு."

சாக்கடை ஓரமாக இறக்கி உட்கார்த்தினாள். குழந்தை அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போயிற்று. தொடை வெடவெடவென்று ஆடியது.

"எரியுதாடா?"

ரேணு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை கையிலிருந்த பெரிய கவரைப் பார்த்தாள். இந்த வாரத்தில் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"எரில," என்றாள், கண்ணில் தண்ணீர் முட்ட. "எரியவேல்ல அத்தே. வூட்டுக்குப் போலாம்."

தேவிப்ரியா அவளைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.